‘ரத்தத்துல கிருமி’ன்னு நான் சொன்னது தப்பு

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 76 வயது, பல வருஷமாகச் சர்க்கரை. போன மாதம் ஒருநாள் காலையில் பேச்சு குழறியது. மகனைத் தம்பி பேர் சொல்லிக் கூப்பிட்டார். காய்ச்சல் இல்லை. “வயசாச்சுல்ல” என்று மத்தியானம் வரை சும்மா இருந்துவிட்டோம். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு 995 அடித்தோம்.

அவசரப் பிரிவில் டாக்டர் சிறுநீர்த் தொற்று என்றார், செப்சிஸ் ஆகிவிட்டது என்றார். பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார். “ரத்தத்துல கிருமி பெரியப்பா” என்றேன். அவருக்கு நிம்மதி. “அப்ப ஊசி போட்டாச் சரியாயிரும்.”

இரண்டு நாள் கழித்து, ரத்தப் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை என்றார்கள். “கிருமியே இல்லையாம், பின்ன எதுக்கு ஐசியூ?” என்று பெரியப்பா தாதியிடம் சண்டைக்கே போய்விட்டார். நான் மொழிபெயர்த்த லட்சணம்!

ரத்தத்தில் கிருமி இருந்தால் அதற்குப் பெயர் பாக்டீரிமியா. செப்சிஸ் வேறு. நுரையீரலிலோ, சிறுநீர்ப் பாதையிலோ, சர்க்கரைக்காரர் காலில் ஆறாத புண்ணிலோ தொற்று வருகிறது. அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு கட்டுமீறிப்போய், தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் மூளையையும் தானே கெடுத்துக்கொள்கிறது. 2016-ல் வந்த மருத்துவ வரையறையின் சாரம் இதுதான். ரத்தத்தில் கிருமி அகப்படாமலே செப்சிஸ் வரலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், சிலருக்கு உடம்பு சில்லிட்டுக்கூட வரலாம். திடீர்க் குழப்பமும் வேகமான மூச்சும்தான் முதலில் தெரியும். எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது.

கிரேக்கத்தில் செப்சிஸ் என்ற சொல்லுக்கு அழுகல் என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டு தமிழில் சீழ்ப்பிடிப்பு என்று எழுதுகிறார்கள். பெரியம்மாவுக்கு ஒரு சொட்டுச் சீழ் இல்லையே! 2015-ல் நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்டு இங்கே பலருக்குக் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாத் தொற்று வந்து, சிலருக்கு அது செப்சிஸாகி, திடகாத்திரமானவர்கள்கூடப் படுத்தார்களே, அப்போதும் நாங்கள் ‘மீன் விஷம்’ என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். கேன்சர் என்ற சொல்லை ஏற்றுக்கொண்ட மாதிரி செப்சிஸையும் அப்படியே வைத்துக்கொண்டு, விளக்கத்தைத் தமிழில் சொல்லலாம் என்பது என் கட்சி.

மூன்றாம் நாள் பெரியப்பாவைக் காப்பிக் கடையில் உட்காரவைத்துச் சொன்னேன்: “கிருமியை அடிக்கப் போன உடம்பு, பெரியம்மா கிட்னியையும் சேர்த்து அடிச்சிருச்சு.”

அவருடைய தே ஓ, பால் இல்லாத தேநீர், ஆறிக்கொண்டிருந்தது.

“அன்னைக்குக் காலையிலயே கூட்டிட்டு வந்திருந்தா?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை.