கேட்டா சைனஸ் ஆபரேஷன்னு சொல்லிப் போடுங்க

எங்கள் பக்கம் குடல்வால் ஆபரேஷன் என்றால் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வீடு நிறைந்துவிடும். மூக்கை அழகுபடுத்தும் ஆபரேஷன் என்றால் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. சித்தப்பா மகள் கோயம்புத்தூரில் செய்துகொண்டு கோபிக்கு வந்ததும் சித்தி போட்ட உத்தரவுதான் தலைப்பில் இருப்பது.

சைனஸ் என்று சொன்னதால் சைனஸ் வைத்தியமே வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா நொச்சித் தழையோடு வந்து ஆவி பிடிக்கச் சொன்னார். எலும்பைத் திருத்திய கையோடு மூக்கில் சூடு ஏறினால் வீக்கம் கூடும், ரத்தம் கசியலாம். அதைச் சொல்லித் தடுக்கவும் முடியவில்லை, குட்டு வெளிப்பட்டுவிடுமே!

பத்தியம் இன்னொரு கூத்து. அரிசியும் பருப்பும் சாதத்தில் வளர்ந்த சனம், தையல் போட்டதும் "பருப்பு சீழ் வைக்கும்" என்று ரசத்துக்கு மாறிவிடுகிறது. முட்டையும் கறியும் கூடாதாம். சீழ் வைப்பது கிருமி; புண் ஆறுவதற்குத்தான் புரதம் வேண்டும். ஈரோட்டு மஞ்சள் குழம்போடு இருக்கட்டும், தையல் மேல் வேண்டாம். திருஷ்டி சுற்றுவதை மட்டும் நான் தடுக்கமாட்டேன், அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. மிளகாயை நெருப்பில் போடும்போது ஆளைத் தள்ளி உட்கார வையுங்கள், நெடியில் தும்மல் வந்தால் மூக்குக்கு ஆகாது.

இதெல்லாம் சில்லறை. என் கோபம் வேறு.

இரண்டு மூன்று நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும், கண்ணைச் சுற்றிக் கன்றிப்போகும், ஒரு வாரம் போல மூக்கில் கட்டு. தூக்கமும் இருக்காது. முதல் இரண்டு வாரம் மனசு சோர்ந்துபோவது பலருக்கும் நடப்பதுதான். அந்த நேரம் பார்த்து அம்மிச்சி, "சாமி குடுத்த மூக்குக்கு என்ன கண்ணு கொறச்சல்? காசு குடுத்து வேதனைய வாங்கிக்கிட்டயே" என்றார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அப்புறம் அவள் வலி என்று வாயே திறக்கவில்லை. தானாகத் தேடிக்கொண்டவளுக்கு முனக என்ன உரிமை என்று நினைத்துவிட்டாள். இப்படி அடக்கிக்கொள்கிறவர்கள் நாளைக்குக் காய்ச்சலையும் மறைப்பார்கள், ரத்தக் கசிவையும் மறைப்பார்கள். இத்தனைக்கும் பொண்ணு பார்க்க வந்த இடத்தில் அவள் மூக்கைக் குறை சொன்னது நம் சொந்தபந்தம்தான்.

கொஞ்ச நாளில் "கோணலா இருக்குதுங்கண்ணா, மறுபடி பண்ணிக்கறேன்" என்று ஆரம்பித்தாள். வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும், மூக்கு நுனியில்தான் கடைசியாக வடியும். அதனால்தான் மறு ஆபரேஷனுக்கு டாக்டர்கள் பொதுவாக ஒரு வருஷமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். அவளுக்கு அது புரிந்தது. சிலருக்கு எல்லாம் வடிந்த பிறகும் நாள் முழுக்கக் கண்ணாடியே கதி, வெளியே வரவே மாட்டார்கள். அவர்களை இன்னொரு ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இந்தப் பேச்சை எடுத்தால் "எம் புள்ளைக்கென்ன கிறுக்கா?" என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.