ராட்சத முயல்களும் வயல் எலிகளும்

1972-இல் வெளிவந்த ‘நைட் ஆஃப் தி லீபஸ்’ என்னும் அமெரிக்கத் திகில் படத்தைப் பற்றிய கட்டுரையில், அதன் ராட்சத முயல்களைக் கட்டுரையாளர் கேலி செய்திருப்பது நியாயமே; பொம்மை வீடுகளுக்கு நடுவே சாதாரண முயல்களை ஓடவிட்டு, அதை மெதுவோட்டத்தில் காட்டினால் யார் பயப்படுவார்? (படத்தின் நாயகி ஜேனட் லீ எப்படித்தான் சிரிக்காமல் நடித்தாரோ!)

ஆனால், கயோட்டி என்னும் நரியினத்தைக் கொன்று தீர்த்ததால்தான் அரிசோனாப் பண்ணையில் முயல்கள் பெருகின என்று படம் சொல்லும் காரணத்தைக் கட்டுரையாளர் பொருட்படுத்தவே இல்லை. சம்பாப் பயிரின் தூர்களை எலி வெட்டிச் சாய்ப்பதைக் கண்டு, வரப்போரம் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் எலிப்பொறி வைத்தும், இரவில் ஆந்தை வந்து அமர்வதற்காகத் தென்னை மட்டைகளை நட்டும் பழகிய மன்னார்குடிப் பக்கத்து விவசாயிகளாகிய எங்களுக்கு அந்தப் பகுதி வேடிக்கையாகத் தோன்றவில்லை. இனப்பெருக்கத்தைக் கெடுக்கச் செலுத்திய மருந்தால் முயல் பூதாகரமாக வளர்வதுதான் சுத்த அபத்தம். மின்சாரம் பாய்ச்சிய தண்டவாளத்தில் அவை கூட்டமாகக் கருகும் இறுதிக்காட்சியை நானும் வயிறு குலுங்கச் சிரித்தே பார்த்தேன்.