வாரத்துக்கு எத்தனை குவாட்டர்?

மாஸ்டர் செக்கப் போய்வந்த நாற்பது வயதுக்காரர்களின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்', அதாவது கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்திருக்கிறது என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம். "அது இப்ப எல்லாருக்கும் இருக்குப்பா" என்று மடித்து வைத்துவிடுவார்கள். டாக்டர் "டிரிங்க்ஸ் பழக்கம் உண்டா?" என்பார். பக்கத்திலேயே மனைவி. "எப்பவாச்சும் சார்." அதோடு பேச்சு முடிந்தது.

கேள்வியே சரியில்லை என்பேன். வீட்டம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வாரத்துக்கு எத்தனை குவாட்டர் என்று கேட்க வேண்டும்.

ஏனென்றால் 42.8 சதவீத சரக்கில், 180 மில்லி குவாட்டருக்குச் சுமார் 60 கிராம் ஆல்கஹால். "பீர்தானே, சூடு தணியும்" என்கிற ஆட்களுக்கும் சொல்கிறேன்: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லியில் 40 கிராம் இருக்கிறது. வெள்ளி ஒரு குவாட்டர், சனி ஒன்று, ஞாயிறு கறிக்குழம்புக்கு முன்னால் ஒன்று, நடுவில் யாரோ கொடுத்த பார்ட்டி. வாரம் 240 கிராம் ஆயிற்று. பல நாட்டுக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் 2023இல் கல்லீரலில் கொழுப்பு சேரும் நோய்களைப் புதிதாக வகை பிரித்தபோது, தொப்பை, சர்க்கரை போன்றவற்றோடு வாரம் 210 கிராமுக்கு மேல் குடிக்கும் ஆண்களைத் தனி வகையில் வைத்தன. பெண்களுக்கு 140. நம்ம 'எப்பவாச்சும்' ஆசாமி எந்தப் பக்கம் நிற்கிறார், பாருங்கள்.

210க்குள் இருந்தால் தப்பித்தோம் என்றும் இல்லை. ஆல்கஹால் உள்ளே போனதும் அதை வெளியேற்றுவதுதான் கல்லீரலுக்கு முதல் வேலை. கொழுப்பை எரிப்பது குறைந்துபோகும், புதுக் கொழுப்பும் சேரும். தொப்பையும் சர்க்கரையும் உள்ளவருக்கு ஏற்கெனவே அங்கே கொழுப்பு குவிந்துகொண்டிருக்கிறது. இரண்டும் சேரும்போது சேதம் வெறும் கூட்டல் கணக்காக இருப்பதில்லை. ஸ்கேனில் தெரிவது கொழுப்புதான். தழும்பு விழ ஆரம்பித்துவிட்டதா என்று பார்க்க ஃபைப்ரோஸ்கேன் மாதிரி வேறு பரிசோதனை வேண்டும். லிவர் டானிக் குடித்துக்கொண்டே குவாட்டரும் அடிப்பவர்களை என்ன சொல்ல!

இத்தனைக்கும் நிறுத்தத் தெரியாத ஆட்கள் இல்லை நாம். கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறவர்கள் எத்தனை பேர்! ஆரம்ப நிலையில், மதுவால் சேர்ந்த கொழுப்பு கரைய அந்த அவகாசம் பெரும்பாலும் போதும். மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே மறுபடி கணக்கைத் திறந்துவிடுகிறோம்.

ஒன்று மட்டும். தினமும் குடிப்பவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம். டாக்டரிடம் குடிக்கும் அளவை உள்ளபடி சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.