தொப்பியில சொருகுன அட்டை

டெக்சாஸ் புரட்சி, அதாவது மெக்சிகோவோட பகுதியா இருந்த டெக்சாஸ் 1835-36ல அந்த அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்புனது, அப்படின்னாலே எல்லாரும் நேரா 1836 மார்ச்சுல சண்டை நடந்த அலாமோ கோட்டைக்குப் போயிடுறாங்க. எனக்கு அதுக்கு முன்னாடி நடந்த மூணு மாசம்தான் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

கொன்சாலஸ்ங்கிற ஊருக்கு 1831ல மெக்சிகோ அரசாங்கமே ஒரு சின்ன பீரங்கி குடுத்திருந்துச்சு, கொமாஞ்சிங்கிற பழங்குடி ஆளுங்க தாக்குனா தற்காப்புக்குன்னு. 1835 செப்டம்பர் கடைசியில அதைத் திருப்பிக் கேட்டு மெக்சிகோ சிப்பாய்ங்க ஆத்தங்கரையில வந்து நின்னப்ப ஊர்ல எதிர்த்து நிக்க இருந்தது 18 பேர். பரிசலை ஒளிச்சு வச்சு, பீரங்கியைத் தோட்டத்துல புதைச்சு, பேசிப் பேசியே நாளைக் கடத்துனாங்க, அதுக்குள்ள அக்கம்பக்கத்துலேர்ந்து ஆளு வந்து சேர, அக்டோபர் 2 காலையில முதல் வெடி.

அப்புறம் சான் அன்டோனியோ முற்றுகை, ஊருக்குள்ள இருந்த மெக்சிகோ படையைப் புரட்சிக்காரங்க வளைச்சு நின்னாங்க. தளபதியையே ஓட்டுப் போட்டுத்தான் எடுத்தாங்க, யூனிஃபார்ம் கிடையாது, குளிர் ஏற ஏற ஆளுங்க பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பிட்டிருந்தாங்க. நவம்பர் 26ல பொதிக் கழுதைங்க வெள்ளிக் காசு கொண்டு வருதுன்னு நம்பி மறிச்சு சண்டை போட்டு மூட்டையப் பிரிச்சா, உள்ள குதிரைக்கு வெட்டுன புல்லு!

இந்தப் படையில தெஹானோக்கள், அதாவது அந்த மண்ணுல பொறந்த மெக்சிகோ வம்சாவளிக்காரங்க, இருந்தாங்கங்கிறத ஏன் இவ்ளோ கம்மியா பேசுறோம்? ஹுவான் செகீன் குதிரைப்படை திரட்டிட்டு வந்தாரு. மெக்சிகோ அதிபர் சான்டா அன்னா தூக்கிப் போட்ட மெக்சிகோவோட 1824 அரசியல் சட்டம் திரும்ப வேணும்னு பலர் சேர்ந்தாங்க, தனிநாடுங்கிற பேச்சு பின்னாடிதான் கெட்டியாச்சு. அப்படி வந்த டெக்சாஸ் குடியரசோட 1836 அரசியல் சட்டம் அடிமை முறையைப் பாதுகாத்துச்சு, எனக்கு அது தாங்கவே முடியல.

1836 ஏப்ரல் 21, டெக்சாஸ் படை சான்டா அன்னாவைத் தோற்கடிச்ச சான் ஹாசின்டோ சண்டை. செகீன் ஆளுங்களைப் பின்னாடி மூட்டை முடிச்சுக்குக் காவல் இருங்கன்னாங்க, அவரு ஒத்துக்கல. சரி, ஆனா எதிரின்னு நெனச்சு சொந்தப் படையே சுட்டுடக்கூடாதுல்ல, அதுக்காகத் தொப்பிப் பட்டையில ஆளுக்கொரு அட்டைத்துண்டு சொருகிக்கிட்டு ஓடுனாங்க. இதைப் படிச்சப்ப எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு, கூடவே நின்னு சண்டை போடுறவன்தான், ஆனா முகத்தைப் பாத்தா நம்ப மாட்டாங்கன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு.

அந்த செகீன் சான் அன்டோனியோ மேயராவும் ஆனாரு. புதுசா வந்து குடியேறுனவங்க துரோகின்னு பட்டம் கட்டி மிரட்ட, 1842ல பதவியை விட்டுட்டு மெக்சிகோவுக்கு ஓட வேண்டியதாச்சு. அங்க பிடிச்சு ராணுவத்துல சேர வச்சாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல, 1835ல எந்த ஊரை மீட்கப் போனாரோ அதே ஊருக்குள்ள மெக்சிகோ படையோட வந்தாரு.