படப்புத்தகத்தைப் பரீட்சை ஆக்காதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் வாங்கித் தரும் வீடுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அழுக்காகிவிடும் என்று அது கண்ணாடி அலமாரிக்குள் போய்விடுகிறது. வெளியே வந்தாலோ, "இது என்ன? என்ன கலர்? எத்தனை வாத்து, எண்ணு!" என்று பரீட்சை ஆகிவிடுகிறது. மூன்றாவது கேள்விக்குள் பிள்ளை மடியை விட்டு இறங்கிவிடும்.

முதல் தடவை எழுத்தை விட்டுவிடுங்கள். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை படம் மட்டும். அடுத்த தடவை நிறுத்தாமல் வாசியுங்கள், கதையின் ஓட்டம் காதில் ஏறட்டும். அதன்பிறகுதான் பேச்சு. பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும், "இங்க என்ன நடக்குது?" என்பதுபோல. கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம் இதுதான்: பெரியவர்களுக்கு அந்த மௌனம் தாங்காது, பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

எழுத்தில் 'பாட்டி சந்தைக்குப் போனாள்' என்று மட்டும் இருக்கும். படத்திலோ கூடைக்குப் பின்னால் ஒரு பூனை. பிள்ளையின் விரல் நேராக அங்கேதான் போகும். "பூனை... மீனு" என்றால், "ஆமா, பூனை கூடைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு மீனைப் பாக்குது" என்று சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். பாட்டி சற்று நேரம் காத்திருக்கட்டும். இப்படிக் கேட்டு, சொல் கூட்டிப் பேசும் முறையை உளவியல் ஆய்வாளர் ஒயிட்ஹர்ஸ்ட்டின் குழுவினர் 1988-இல் அமெரிக்காவில் இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளிடம் சோதித்தார்கள். ஒரே மாதத்தில், வழக்கப்படி வாசிக்கக் கேட்ட பிள்ளைகளைவிட இவர்கள் பேச்சில் முந்தினார்கள்.

அச்சில் 'ஓடிக்கொண்டிருந்தது' என்றிருந்தால் அப்படியே வாசியுங்கள். பேசும்போது "ஓடிக்கிட்டு இருந்துச்சு". எல்லாவற்றையும் பேச்சுத்தமிழாக்கி வாசித்தால், பள்ளிக்கூடத்தில் புத்தகத் தமிழ் பிள்ளைக்கு அந்நியமாக நிற்கும். இருமொழிப் புத்தகமென்றால் ஒரு உட்காரலுக்கு ஒரே மொழி. வரிக்கு வரி மாற்றினால் கதை அறுந்துபோகும்.

எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படும் ஆயாவும் அப்பத்தாவும் இதிலிருந்து ஒதுங்க வேண்டியதே இல்லை. எழுத்தில்லாத படக்கதைகள் அவர்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தை ஒட்டி, வெளிச்சம் விழும் இடமாக உட்காருங்கள். வழவழப்புத் தாள் கண்ணைக் கூசும், கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள்.

காசு தடையென்றால், சிறுவர் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். முதல் நிலைக் கதைகள் 250 சொல்லுக்குள் இருக்கும். மூன்று வயதுக்கு அதிலும் பக்கத்துக்கு ஓரிரு வரி உள்ளதாகப் பாருங்கள். போனில் காட்டினால் விரல் தள்ளிக்கொண்டே போகும், பேச்சு நிலைக்காது. ஏ4 தாளில் கலர் பிரிண்ட் எடுத்துத் தைத்துவிடுங்கள்.

அப்புறம் அந்த அலமாரியைத் திறந்து, ஐந்தாறு புத்தகத்தை ஒரு பெரிய ஓலைக் கொட்டானில் அட்டை தெரிய நிறுத்தி, பிள்ளையின் கைக்கு எட்டுமாறு தரையில் வையுங்கள். கிழிந்தால் டேப் ஒட்டிக்கொள்ளலாம். "இந்தக் கதையிலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். மறுபடி அதே புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினால், அலுக்காமல் வாசியுங்கள்.