வெள்ளைச் சட்டைக்காரரும் அசட்டு மீட்டரும்

பிலிம் நல்லதா டிஜிட்டல் நல்லதா என்று நம்ம சேலம் நண்பர்கள் யாராவது ஆரம்பித்தால் இப்போதெல்லாம் மெதுவாக நழுவிவிடுகிறேன். முகம் எடுக்கக் கற்றுக்கொள்பவருக்கு அது அவசரமான கேள்வியே இல்லை. நான் இரண்டிலும் எடுக்கிறேன். எல்லாவற்றையும் கையால் திருப்பிவைக்க வேண்டிய பழைய பென்டாக்ஸ் கே1000 ஒன்று, 50 எம்எம் லென்ஸ் மாட்டிய செகண்ட் ஹேண்ட் டிஜிட்டல் ஒன்று. பிழைப்பு வேறு, இது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் மல்லுக்கட்டுவது ஒரே விஷயத்தோடுதான்: எதிரே நிற்பவர் கருப்பாக இருந்தால், அவர் கருப்பாகவே, அழகாகவே படத்தில் வர வேண்டும்.

கேட்க எளிது. ஆனால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஒரு அசடு. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் ஆக்கத்தான் பார்க்கும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நிற்கும் மண்டிக்காரர் ஒருவரை முழு உருவமாக எடுங்கள். அவ்வளவு வெள்ளையைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கரிக்கட்டையாகிவிடும். அதே மனிதரை நெருங்கி முகம் மட்டும் எடுங்கள். இப்போது இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், முகம் வெளிறிப்போகும். ஒரே ஆள், ஒரே வெயில், இரண்டு நிறம். “எனக்கு போட்டோவே சரியா வராதுங்க” என்று நம்மவர்கள் சொல்வதில் பாதிக்குமேல் இந்த மீட்டர் செய்த வேலைதான் என்பது என் கணிப்பு.

இதற்கு வழி உள்ளங்கையில் இருக்கிறது. முகம் எந்த நிறமானாலும் உள்ளங்கைக்கு உள்ளங்கை பெரிய வித்தியாசம் கிடையாது. நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சமாக இருக்கும். முகத்தில் விழுகிற அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளந்து, அதற்குமேல் ஒரு ஸ்டாப் கூட்டிவையுங்கள். சட்டை வெள்ளையோ கருப்போ, அளவு மாறாது. காசு செலவில்லாத கருவி.

இதற்கு மேல்தான் பிலிமும் டிஜிட்டலும் பிரிகின்றன. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் பிலிமுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் தாங்கும். குறைந்தால் நிழலில் ஒன்றுமே பதியாது, பிறகு எந்தச் சாமி வந்தாலும் அதை மீட்க முடியாது. அதனால் 400 வேக பிலிமை, கேமராவில் 200 என்று வைத்து, இரண்டு மடங்கு வெளிச்சம் கொடுத்தே எடுக்கிறேன். கருத்த கன்னத்தின் கீழ்ப்பக்கம், தாடை நிழல் எல்லாம் அப்போதுதான் நெகட்டிவில் உட்காரும். டிஜிட்டலில் இது தலைகீழ். வெளிச்சம் கூடி வெள்ளைச் சட்டை விவரமில்லாத வெறும் வெள்ளையாக வெடித்துவிட்டால் போனது போனதுதான், நிழலை மட்டும் பிறகு ஓரளவு தூக்கலாம். அங்கே சட்டையைக் காப்பாற்றி எடுத்து, கேமரா எதையும் மாற்றாமல் பதிந்துதரும் ரா பைலில் முகத்தைச் சரிசெய்கிறேன். ஒரே முகத்துக்கு இரண்டு கேமராவிலும் எதிரெதிர் பழக்கம். ஒன்றை மட்டும் வைத்திருந்தால் இது எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

சேலத்து வெயிலுக்குத் தனிக் கதை உண்டு. எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமை டி-76 என்ற டெவலப்பர் மருந்தில் சரிபாதி தண்ணீர் கலந்து கழுவினால், 20 டிகிரியில் 11 நிமிடம் என்பது கணக்கு. சித்திரையில் நம்ம மாடித் தொட்டித் தண்ணீரை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஐஸ் கட்டி வாங்க வேண்டும். சூட்டிலேயே அதே நேரத்துக்குக் கழுவினால், நெற்றியில் வியர்வை மின்னுகிற இடம் சுண்ணாம்பு அப்பியது போலாகிவிடும். கலர் பிலிம் மருந்துக்கோ 38 டிகிரி வேண்டும். அந்த விஷயத்தில் மட்டும் நம்ம ஊர் கோடை கொடுத்துவைத்தது.

வெளிச்சத்துக்கு நான் போகிற இடங்கள் இரண்டு. ஒன்று அம்மாப்பேட்டைப் பக்கத்துத் தறி வீடுகள். வாசல் வழியாக மட்டும் வெளிச்சம் பக்கவாட்டில் வரும், உள்ளே இருட்டு. கருத்த தோலுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் நான் பார்க்கவில்லை. நேரே ஃபிளாஷ் அடித்தால் எண்ணெய் பளபளப்பு மட்டும்தான் மிஞ்சும். பக்கவாட்டில் அகலமாக வரும் வெளிச்சம்தான் கன்னத்தின் வளைவைக் காட்டும். இரண்டாவது ஏற்காடு. 1,500 மீட்டர் உயரத்தில் மூட்டம் இறங்கினால் நிழலே இல்லாமல் போய்விடும், நெற்றிப் பளபளப்பும் அடங்கிவிடும். ஆனால் பின்னால் மூட்டம் வெள்ளையாக நிற்பதால் மீட்டர் மறுபடி மிரளும், ஒரு ஸ்டாப்பாவது கூட்ட வேண்டும். சில்வர் ஓக் நிழலில் எடுத்தால் டிஜிட்டலில் முகம் பச்சையடிக்கும். அதற்குக் கறுப்பு வெள்ளை பிலிம் சௌகரியம்.

அங்கே காபி பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், “ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா அக்கா?” என்று கேட்டேன். “நானே கருவாச்சி, என்னைய எதுக்கு எடுக்கற கண்ணு? அந்தப் புள்ளைய எடு, செவப்பா இருக்கா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எடுத்தேன், இருவரையும்.

இந்தப் பேச்சை அவர் சும்மா பிடித்துக்கொள்ளவில்லை. போன் கேமராவின் பியூட்டி மோடுக்கு ரொம்ப முன்னாலேயே முகத்தை வெளுப்பாக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. பழைய ஸ்டுடியோக்களில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா மூன்றும் ஒரே பலகையில் இருக்கும். பவுடர் போதாவிட்டால் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் டச்சப் செய்வார்கள். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிலிமில் எடுத்த படமானாலும், வெளிநாட்டு பிலிமில் எடுத்த படமானாலும் கைவேலை இதேதான். அந்தப் பக்கம் கலர் பிலிம்காரர்கள் மட்டும் யோக்கியமா? கோடாக் நிறுவனம் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய ‘ஷர்லி’ அட்டைகளில் பல வருடம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். மரச்சாமான் கம்பெனியும் சாக்லேட் கம்பெனியும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான், அடர்நிறங்களைச் சரியாகக் காட்ட அக்கறை வந்தது என்று சொல்லப்படுகிறது. மனுசன் மூஞ்சிக்கு வராத அக்கறை மேசை நாற்காலிக்கு வந்தது. ஆகவே பிலிம் என்றாலே உண்மை, டிஜிட்டல் என்றால் பொய் என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

“அவங்க மூஞ்சி, அவங்க இஷ்டம். வெளுப்பாக்கிக் கேட்டா குடுத்துட்டுப் போ” என்று ஒரு நண்பர் வாதாடினார். பாதி ஒத்துக்கொள்கிறேன். கல்யாண ஆல்பம் போட்டு வாடகை கட்டுகிற ஸ்டுடியோக்காரரிடம் போய் நான் நியாயம் பேச முடியாது. பெண்ணின் சித்தி ஒருவர் முகம் சுளித்தால் அவருக்குப் பாக்கித் தொகை வராது. எனக்கு அந்த நெருக்கடி இல்லை, அதனால் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் கேட்காமலேயே, பழக்கதோஷத்தில், எல்லா முகத்தையும் ஒரே மாவாக வெளுத்துத் தருவது எந்த இஷ்டத்திலும் சேராது. சொந்தப் பிள்ளையைக்கூட அடையாளம் தெரியாத ஆல்பங்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். இவ்வளவு பாடுபட்டு எடுத்தாலும் பிரிண்டில் கோட்டை விடலாம். லேப் மெஷின் தானாகவே முகங்களை வெளுப்பாக்கிவிடும். கொடுக்கும்போதே “கரெக்‌ஷன் போடாதீங்க, அப்படியே அடிச்சுக் குடுங்க” என்று சொல்லிவிடுங்கள். முதலில் சின்ன சைஸில் ஒன்று மட்டும் போட்டு வாங்கி, வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெளுத்திருந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை, காசு நாம்தானே கொடுக்கிறோம்.