அந்த 22 நிமிடம் யார் கணக்கில்?

ஆமாம், சேலத்து 21 கிலோமீட்டர் ஓட்டத்தின் முடிவுக் கோட்டில் எடுத்த அந்த வீடியோவில் கத்திக்கொண்டிருப்பது நான்தான். ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து இதுவரை பதினேழு பேர் அதை எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். அதில் மூன்று பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். "மிஸ், இது நீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை. நான்தான். தொப்பி கோணலாக, முகமெல்லாம் உப்புப் பூத்து, கையை நீட்டி ஒரு பையனை அதட்டுகிற அந்த அம்மாள் நானேதான். வீடியோ 41 நொடி. அதற்கு முந்தைய மூன்றேகால் மணி நேரத்தை யாரும் படம் எடுக்கவில்லை.

"ஒரு மெடலுக்காக இப்படியா?" என்று கமெண்டில் நிறையப் பேர் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். மெடல் கொடுத்துவிட்டார்கள், ஐயா. அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல், ரேஷன் கடையில் பாமாயில் பாக்கெட் நீட்டுகிற மாதிரி நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். நான் கத்தியது மெடலுக்காக இல்லை. முடிவுக் கோட்டில் நேரத்தைக் குறிக்கிற ரப்பர் பாய்க்காக. அதைச் சுருட்டச் சொன்ன கணக்குக்காக.

கணக்கு டீச்சர், அதனால் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். 21 கிலோமீட்டர் ஓட்டம் காலை 5.30 மணிக்குப் புறப்படும், கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்கக் கொடுக்கும் கெடு, மூன்றரை மணி நேரம் என்று அறிவிப்பு. 5.15க்கே எங்களைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் வந்து சேரவில்லை. ஜூம்பா ஆடுங்கள் என்றார்கள், ஆடினோம். மறுபடி ஆடுங்கள் என்றார்கள், மறுபடி ஆடினோம். அப்புறம் அவர் வந்தார். தாமதத்துக்கு ஒரு வார்த்தை இல்லை, ஆரோக்கியத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். கொடி அசைந்தது 5.52க்கு. 5.52உடன் மூன்றரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். 9.22. ஆறாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். நான் கோட்டைத் தொட்டது 9.07க்கு. கோட்டில் பாய் இல்லை. 9 மணிக்கே சுருட்டிவிட்டார்கள்.

ஓடாதவர்களுக்காக ஒரு விளக்கம். மார்பில் குத்திக்கொள்கிற எண் அட்டையின் பின்னால் ஒரு மெல்லிய சிப் ஒட்டியிருக்கும். புறப்படும் இடத்திலும், திரும்பும் இடத்திலும், முடிக்கும் கோட்டிலும் கறுப்பு ரப்பர் பாய் விரித்திருப்பார்கள். அதைத் தாண்டும்போது சிப்பை அது படித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பாய் இல்லையென்றால் நேரம் இல்லை. நேரம் இல்லையென்றால் நீங்கள் வரவே இல்லை. முடிவுப் பக்கத்தில் இப்போது என் எண்ணைப் போட்டுப் பாருங்கள். புறப்பட்டது இருக்கிறது. சேர்வராயன் மலை அடிவாரத்தில் திரும்பியது இருக்கிறது. முடித்த இடத்தில் ஒரு கோடு. பக்கத்தில் டிஎன்எஃப். அதாவது, முடிக்கவில்லை.

முடிக்கவில்லையாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் புறப்பட்ட நேரம் 5.53 என்று அதே பக்கத்தில் அவர்கள் கருவியே எழுதி வைத்திருக்கிறது. 5.53க்குப் புறப்பட்டவளுக்கு 9 மணிக்கு மூன்றரை மணி நேரம் எப்படி ஆகும்? அரையாண்டுத் தேர்வுக்கு மணி 22 நிமிடம் தாமதமாக அடித்துவிட்டு, விடைத்தாளைப் பழைய நேரத்துக்கே பிடுங்கினால் பெற்றோர் பள்ளிக்கூடத்தை என்ன செய்வார்கள்? எங்கள் ஹெட்மாஸ்டர் முதலில் என் மேஜைக்குத்தான் வருவார். அந்த 22 நிமிடம் யார் செலவழித்தது? நானா? நான் ஜூம்பா ஆடிக்கொண்டிருந்தேன்.

இனி, எனக்குச் சொன்ன சமாதானங்களுக்குப் பதில்கள். "போலீஸ் அனுமதி 9 மணி வரைதான், சாலையைத் திறந்தாக வேண்டும்." சரி, நியாயம். அஸ்தம்பட்டி ரவுண்டானாவை ஞாயிற்றுக்கிழமை என்றாலும் எத்தனை நேரம் அடைத்து வைப்பது? கல்யாணத்துக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஏற்காட்டுக்குப் போகிற கார்க்காரர்கள் எல்லாம் காத்திருந்தார்கள். சாலையைத் திறங்கள். திறந்துதான் விட்டார்கள், கடைசிக் கொஞ்ச தூரம் நான் டவுன் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில்தான் வந்தேன், அதற்கு நான் வாயே திறக்கவில்லை. ஆனால் பாய் கிடந்தது மைதானத்துக்குள். மைதானத்துக்குள் எந்த பஸ் வருகிறது?

"விதி என்றால் விதிதான் மேடம்." இதைச் சொன்னவருக்குத் தென்னாப்பிரிக்காவில் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் பற்றித் தெரிந்திருக்கும். கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரம். நேரம் முடிகிற நொடியில், ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுவார்கள். ஒரு நொடி பிந்தினாலும் மெடல் கிடையாது. கோட்டுக்கு நாலடி முன்னால் விழுந்து அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், யூடியூபில்தான். கொடுமைதான். ஆனால் அங்கே யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஏன்? காலையில் துப்பாக்கி வெடித்ததிலிருந்து மாலையில் துப்பாக்கி வெடிக்கிற வரை அந்தப் பன்னிரண்டு மணி நேரம். துப்பாக்கியிலிருந்து துப்பாக்கி. நோட்டீஸிலிருந்து துப்பாக்கி இல்லை. அப்படி ஒரு விதியைக் கொண்டுவாருங்கள், ஒரு நொடி பிந்தினாலும் தலை குனிந்து வீட்டுக்குப் போகிறேன்.

"கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கலாமே." ஓடியிருக்கலாம். எனக்கும் ஆசைதான்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் முதலில் வந்த பையனும் ஓடியது ஒரே சாலை, ஒரே வெயில் இல்லை. அவர் ஏழேகாலுக்கெல்லாம் முடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார். அப்போது நான் அடிவாரத்தையே தொடவில்லை. போகும்போது சேர்வராயன் மலை எதிரே நிற்கும், பனி இறங்கிக்கொண்டிருக்கும், மனசு நிறைந்திருக்கும், மேடு தெரியாது. திரும்பும்போது மலை முதுகுக்குப் பின்னால் போய்விடும், முன்னால் சேலத்து வெயில் மட்டும். பிப்ரவரிதானே என்று நினைக்காதீர்கள். 17ஆவது கிலோமீட்டரில் தண்ணீர் மேஜை இருந்தது, தண்ணீர் இல்லை. நசுங்கிய காகிதக் குவளைகளும் எறும்பு மொய்த்த ஆரஞ்சுத் தோலும்தான். உப்புப் பாக்கெட் மட்டும் நிறைய மிச்சம் இருந்தது, தண்ணீர் இல்லாமல் அதை என்ன செய்வது? கோரிமேட்டில் ஒரு டீக்கடைக்காரர் கேட்காமலே எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் நீட்டினார். "குடிங்க அக்கா, மெதுவா குடிங்க. இன்னும் பின்னால வர்றாங்களா?" வருகிறார்கள் என்றேன். குடத்தை எடுத்துக் கடை வாசலிலேயே வைத்துவிட்டார். கட்டணம் வாங்காத மனிதருக்குத் தோன்றியது, 900 ரூபாய் வாங்கியவர்களுக்குத் தோன்றவில்லை. சரி, அதை விடுங்கள். பொங்கலைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. ஐந்து கிலோமீட்டர் ஓடியவர்களின் மாமா, சித்தப்பா வரை சாப்பிட்டுப் போன பிறகு, 21 கிலோமீட்டர் ஓடியவளுக்கு அண்டாவின் அடியில் ஒட்டிய மிளகைக் காட்டியதைப் பற்றிப் பேசவே மாட்டேன். என் பேச்சு 22 நிமிடத்தைப் பற்றி மட்டும்.

ஆனால் உண்மையில் எனக்கு எங்கே வலித்தது தெரியுமா? அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "மூணு மணி நேரத்துக்கு மேல ஓடுறதெல்லாம் ஓட்டம் இல்ல, ஊர்வலம்." அதற்கு 112 லைக். தம்பி, உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். மூக்கனேரி கரையில் ஞாயிறுதோறும் என் டப்பாவிலிருந்து கடலை உருண்டை எடுத்துச் சாப்பிடுகிற கையால்தான் அதை டைப் செய்திருக்கிறீர்கள். நல்லா இருங்கள்.

ஊர்வலம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? அம்மாபேட்டையில் பிறந்தவள் நான். அப்பா தறிக்காரர். விடியற்காலை நாலரைக்கெல்லாம் தெரு நீளத்துக்குப் பாவு நூலை, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளை, நீட்டிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட்டு முடிக்க வேண்டும். எங்கே இழை அறுந்தாலும் "ஏ புள்ள, அந்தக் கோடி!" என்று அப்பா குரல் கொடுப்பார், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவேன். முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் இந்தக் கோடியில் ஒன்று அறும். மறுபடி ஓடுவேன். பள்ளிக்கூடத்தில் 800 மீட்டரில் முதலாவதாக வந்ததற்குப் பயிற்சி அதுதான். மாவட்டப் போட்டிக்கு காந்தி ஸ்டேடியத்துக்குப் போக வேண்டிய நாளன்று, ஒரு கல்யாண ஆர்டருக்குப் பாவு போட்டிருந்தார்கள். அப்பா போகாதே என்று சொல்லவில்லை. "நீ போயிட்டா அந்தக் கோடில யாரு நிப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். நான் நின்றேன். அப்புறம் 46 வயதில் சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்லி, நடந்து நடந்து ஒருநாள் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு ஓடிப் பார்க்கிற வரைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

இதை எதற்குச் சொல்கிறேன்? கட்-ஆஃபுக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஊர்வலம் என்ற வார்த்தை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"பெண் என்பதால் அனுதாபம் தேடுகிறார்" என்று இப்போதே யாரோ டைப் செய்துகொண்டிருப்பார்கள். இல்லை. 1967இல் பாஸ்டன் மாரத்தானில் காத்ரின் சுவிட்சர் என்ற பெண் 261 என்ற எண்ணோடு ஓடியபோது, போட்டி அதிகாரியே ஓடி வந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். சுவிட்சர் விடாமல் ஓடி முடித்தார். 1972 வரை அங்கே பெண்களுக்கு அதிகாரபூர்வமாக இடமில்லை, ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்ததே 1984இல்தான். நான் சுவிட்சர் இல்லை, என் எண்ணை யாரும் பிடுங்க வரவில்லை. நான் வரும்போது கோட்டில் பாயே இல்லை என்பதுதான் என் குறை. என்னோடு சேர்ந்து 9 மணிக்கும் 9.22க்கும் நடுவில் வந்தவர்கள் நான் எண்ணிய வரைக்கும் பதினாலு பேர். அதில் ஒன்பது பேர் ஆண்கள். ஒருவர் அறுபத்தெட்டு வயது ரிட்டயர்டு ரயில்வேக்காரர், முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். அவரும் டிஎன்எஃப். அவர் முகநூலில் இல்லை, அதனால் அவருக்கும் சேர்த்து நானே கத்திவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் ஏற்பாட்டாளர் தரப்பிலிருந்து போன் வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்து ஹலோ என்பதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னேன். "மேடம், வீடியோ ரொம்பப் பரவுதுங்க. நம்ம ஊர் ஓட்டம், நாமளே கெட்ட பேர் வாங்கிக் கொடுக்கலாமா? அடுத்த வருஷம் உங்களுக்கு என்ட்ரி ஃப்ரீங்க." நம்ம ஊர் ஓட்டம் என்பதால்தானே நான் கோயமுத்தூருக்கும் பெங்களூருக்கும் போகாமல் இதில் ஓடினேன்? என் கைக்கடிகாரத்தில் பதிவான ஓட்டத்தை மெயிலில் அனுப்பியிருக்கிறேன், அதைப் பார்த்து நேரத்தைச் சேர்த்துவிடுங்கள், எனக்கு மட்டுமில்லை, பதினாலு பேருக்கும், என்றேன். "டைமிங் கம்பெனிகிட்ட கேக்கணுங்க" என்றார். கேட்கட்டும். இலவசம் வேண்டாம், அடுத்த வருடம் 900 ரூபாயைக் கட்டியே வருகிறேன். விருந்தினரை மட்டும் முந்தின நாள் ராத்திரியே மைதானத்தில் தங்க வைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் செய்தது தப்பு. அந்தப் பையன். கல்லூரியிலிருந்து தன்னார்வலராக வந்தவன், இருபது வயதுகூட இருக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு வந்திருப்பான். பாயைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான், இரண்டு கையிலும் ரப்பர் கரி. "விரிப்பா, இன்னும் டைம் இருக்கு, விரி!" என்று நான் கத்த, அவன் நிமிர்ந்தே பார்க்காமல் "சுருட்டச் சொன்னாங்கக்கா, எனக்குத் தெரியாதுக்கா" என்றான். வீடியோவில் அது கேட்காது. நான் நகர்ந்த பிறகு பின்னாலேயே வந்து, தன் பையிலிருந்த பாதித் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அதுவும் வீடியோவில் இல்லை. தம்பி, இதை நீ படித்தால், என்னை மன்னித்துவிடு. உன்னைக் கத்தியிருக்கக் கூடாது. சுருட்டச் சொன்னவர் எங்கே நின்றிருந்தார் என்று தெரிந்திருந்தால் அங்கேதான் போயிருப்பேன்.

இன்று காலையும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். டிஎன்எஃப்தான். வெள்ளிக்கிழமை எண் அட்டையோடு சேர்த்து ஒரு டி-சர்ட் கொடுத்தார்கள், ஓடுவதற்கு முன்பே முதுகில் 'ஃபினிஷர்' என்று பெரிதாக அச்சடித்து. எழுந்து வெளியே வந்து பார்த்தால், எங்கள் வீட்டுக்காரர் அதை வைத்து ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "நீதான் முடிக்கலையாமே" என்கிறார், அவருக்குச் சிரிப்பு வேறு. பிடுங்கி, துவைத்து, கொடியில் போட்டிருக்கிறேன். கிரீஸ் கறை இன்னும் போகவில்லை.